ஊட்டியில் நியூட்ரியன்ட் அகருக்கு 15 நிமிடம் போதாது

வணக்கம். ஊட்டியில் நியூட்ரியன்ட் அகரை (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி போன்ற ஊடகம்) கிருமி நீக்க பிரஷர் குக்கரில் 15 நிமிடம் வைத்தும், எதுவும் தடவாத தட்டில் காலனி (பாக்டீரியாத் திட்டு) வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைமேல் பழி போடாதீர்கள், உயரத்தைப் பாருங்கள். 2,240 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. குக்கர் வெயிட் அதற்கு மேல்தான் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் கூட்டும். சென்னையில் 121 டிகிரி தொடும் நீராவி இங்கே 117-ஐ ஒட்டித்தான் நிற்கும். பேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர்களை (சூட்டைத் தாங்கும் உறக்க வடிவம்) கொல்வதில் அந்த நான்கு டிகிரி ரொம்பப் பெரிய விஷயம்.

45 நிமிடம் வையுங்கள். சர்க்கரை சேராத நியூட்ரியன்ட் அகர் தாங்கும். வெயிட் போடுமுன் 10 நிமிடம் ஆவி தாராளமாக வெளியேறட்டும், உள்ளே காற்று தங்கினால் சூடு ஏறாது. பாட்டில் மூடியை இறுக்க வேண்டாம்.

பிறகு வெறும் தட்டு இரண்டை 37 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். அகருக்குள் புதைந்து முளைத்தால் பெரும்பாலும் குக்கரில் தப்பியது. மேற்பரப்பில் மட்டும் என்றால் ஊற்றும்போது விழுந்தது.