வாசகர் கேள்வி – பதில்: சித்திரை வெயிலும் சினைப் பிடிப்பும்

கேள்வி: சித்திரை, வைகாசியில் எங்கள் கலப்பினப் பசுக்களுக்குப் போடும் சினை ஊசி பெரும்பாலும் நிற்பதில்லை. நல்ல காளையின் உறைவிந்தைத்தான் போடுகிறோம். கருவை வளர்ப்பது மரபணு என்றால், வெயில் எப்படி அதைக் கெடுக்கிறது? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: கருவின் முதல் சில நாட்களில் அதன் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் செயல்படாமல் இருக்கின்றன; தங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது. சினைமுட்டை பசுவின் சூலகத்தில் முதிரும்போதே, பின்னால் தேவைப்படும் ஆர்என்ஏ மூலக்கூறுகளும் (மரபணுக் குறிப்புகளின் நகல்கள்) புரதங்களும் தாயின் மரபணுக்களின்படி உருவாகி, வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு போல அதனுள் சேர்ந்துவிடுகின்றன. விந்தணு சேர்ந்த பிறகு நிகழும் முதல் செல் பிளவுகள் இந்தச் சேமிப்பைக் கொண்டே நடக்கின்றன. கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்கத் தொடங்குவது சுண்டெலியில் 2 செல் நிலையில். மனிதரில் 4 முதல் 8 செல் நிலையில். பசுவிலோ 8 முதல் 16 செல் நிலையில், அதாவது கருவுற்று 3, 4 நாட்கள் கழித்துத்தான். அதுவரை, காளை எவ்வளவு உயர்ந்த இனமாக இருந்தாலும், அதன் மரபணுக்களால் கருவுக்குப் பெரிய உதவி கிடைப்பதில்லை. பசுவின் உடல் வெப்பம் கூடும்போது மிகுதியாகப் பாதிக்கப்படுபவை முதிரும் முட்டையும் முதல் ஓரிரு நாள் கருவுமே. சொந்த மரபணுக்கள் இயங்கத் தொடங்கிய கரு வெப்பத்தை ஓரளவு தாங்குகிறது.

அதற்குப் பின் நடப்பது, என் பார்வையில், உயிரியலின் மிக அழகிய பகுதி. எல்லா செல்களிலும் ஒரே டிஎன்ஏ இருந்தும், 7ஆம் நாள் வாக்கில் வெளிப்புறச் செல்களில் சிடிஎக்ஸ்2 மரபணு ஓங்கி, அவை நஞ்சுக்கொடியாகும் வழியில் செல்கின்றன. நானாக் போன்ற மரபணுக்கள் இயங்கும் உட்புறச் செல்களிலிருந்து கன்றின் உடல் உருவாகிறது. காளையின் பங்கும் இங்கே இன்றியமையாதது. தாய்வழி மரபணுத் தொகுதிகள் இரண்டை மட்டுமோ, தந்தைவழித் தொகுதிகள் இரண்டை மட்டுமோ பெற்ற சுண்டெலிக் கருக்கள் பிறப்பு வரை வளர்வதில்லை என்பதை 1984இல் வெளியான ஆய்வுகள் காட்டின. சில மரபணுக்களில் தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டுமே இயங்குவதும், வேறு சிலவற்றில் தாயின் பிரதி மட்டுமே இயங்குவதும் இதற்குக் காரணம்.

முட்டை பல வாரங்களாக வளர்ந்து முதிர்வதால், கோடையில் சேதமடைந்த முட்டைகளின் விளைவு ஆடியிலும் தொடரலாம். ஆகவே ஊசி போட்ட பிறகு மட்டுமல்லாமல், பங்குனி தொடங்கியே பசுக்களுக்கு நிழலும், நாள் முழுவதும் குடிநீரும், உச்சிவேளையில் உடல் நனையத் தண்ணீர் தெளிப்பதும் தேவை.