பல் பிடுங்கிய குழியில் எலும்புத் தூள் வைக்கச் சொல்கிறார்கள், அது உண்மையிலேயே தேவையா?

பின்னால் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், பல்லைப் பிடுங்குவதற்கு முன்னரே டொக்டரிடம் இதைப் பற்றிக் கதைத்துவிடுங்கள். நான் கதைக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு இடத்தில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, நோவு போனதே பெரிய காரியம் என்று இரண்டு வருடம் சும்மா இருந்தேன், அப்புறம் இம்பிளான்டுக்காக ஸ்கேன் எடுத்தபோது எலும்பின் அகலம் காணாது என்றார்கள். பிடுங்கிய அன்று இதை ஒருவரும் சொல்லவில்லையே என்ற கவலை இன்னும் இருக்கிறது.

பல்லைப் பிடித்து வைத்திருக்கும் எலும்புக்குப் பல் போனபின் வேலையில்லை, அதனால் உடம்பு அதைக் கரைத்துவிடுகிறது. முதல் ஆறு மாதத்திலேயே அகலத்தில் சராசரியாக 4 மில்லிமீற்றருக்குக் கிட்டவும் உயரத்தில் 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேலும் குறைந்துவிடும். குழியின் வெளிப்பக்க, அதாவது உதடு, கன்னம் பக்க, எலும்புச் சுவர்தான் முதலில் போகும். முன்பற்களில் அந்தச் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீற்றர்கூட இருக்காது. சாதாரண இம்பிளான்டே ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்பு, அதைச் சுற்றி இரண்டு பக்கமும் எலும்பு வேண்டுமே.

போன வருடம் அம்மாவின் முன்பல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. இந்த முறை முதலிலேயே கேட்டோம். சுவர் உடையாமல் மெதுவாகப் பல்லை எடுத்து, குழியைச் சுத்தம் செய்து, தூளை நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தால் செய்த மெல்லிய சவ்வு வைத்துத் தையல் போட்டார்கள். ஒன்று கட்டாயம் கேளுங்கள்: அதிகம் பாவிக்கப்படும் தூள் மாட்டெலும்பில் இருந்து செய்தது, பன்றியில் இருந்து வருவதும் உண்டு, சவ்வும் அப்படித்தான். சைவம் பார்க்கும் அம்மாவுக்கு அது மனதுக்கு ஒத்துவரவில்லை, அதனால் தூளை மட்டுமாவது செயற்கையானதாக வைக்கச் சொன்னோம்.

இதை வைத்தாலும் எலும்பு கொஞ்சம் குறையத்தான் செய்யும், குறைவது மட்டுப்படும், அவ்வளவுதான். ஞானப்பல் என்றால் வேண்டாம், சுவர் தடிப்பாக இருந்தாலோ அன்றே இம்பிளான்ட் வைக்க முடிந்தாலோ தேவைப்படாமலும் போகலாம். நீரிழிவு, சிகரெட், எலும்புத் தேய்வுக்குக் குடிக்கும் அலென்ட்ரோனேட் மாதிரி மருந்துகள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், காயம் ஆறுவதில் அவை பெரிய வித்தியாசம் செய்யும். அம்மாவுக்கு நாலு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அகலம் போதுமாக இருந்தது. எனக்கு எலும்பு கட்டத் தனியாக ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது.