1812-ல் நெப்போலியன் ரஷ்யாவில் தோற்றது குளிரால்தானா?

குளிர் மட்டுமே காரணம் என்று பலரும் நம்புகிறார்கள், ஆனால் குளிர் வருவதற்கு முன்பே அவருடைய முக்கியப் படையில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ஜூன் 24 அன்று ரஷ்ய எல்லையில் இருந்த நேமன் ஆற்றைக் கடந்தபோது கோடைக்காலம். தீவனமில்லாமல் குதிரைகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன, டைபஸ் காய்ச்சல் பரவியது, ரஷ்யர்களோ நின்று சண்டை போடாமல் தானியத்தை எரித்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் செப்டம்பர் 7-ல் மாஸ்கோவுக்கு மேற்கே போரோடினோ கிராமத்தருகே நின்று சண்டை போட்டார்கள், கொடூரமான நாள். சரி, மாஸ்கோவைப் பிடித்தாரே? பிடித்தார், ஆனால் நகரமே எரிந்தது, சமாதானம் கேட்டு அவர் அனுப்பிய கடிதத்துக்கு ரஷ்யப் பேரரசர் (ஜார்) அலெக்சாண்டர் பதிலே போடவில்லை. பதிலுக்காக அங்கேயே 5 வாரம் உட்கார்ந்திருந்ததுதான் என் பார்வையில் பெரிய தவறு. அக்டோபர் 19-ல் கிளம்பியவர்களைத்தான் அப்புறம் வழியில் பனி பிடித்தது.