மும்பை ட்ரஸ்ட் ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவச பெட் உண்மையிலேயே கிடைக்குமா? எப்படிக் கேட்பது?

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் சித்தப்பாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும், லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், இலவச பெட் என்கிறார்களே அது நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜம்தான். ஆனால் அட்மிஷனுக்கு முன்பே கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத்தான் கிடைக்காமல் போகிறது.

இது யாரும் இரக்கப்பட்டுத் தருவதல்ல. ஜஸ்லோக், பம்பாய் ஹாஸ்பிடல், இந்துஜா, லீலாவதி போன்றவை அறக்கட்டளைகள் நடத்தும் ஆஸ்பத்திரிகள். அறக்கட்டளை என்பதற்காக அரசு வரிவிலக்கும் மற்ற சலுகைகளும் தருகிறது. அதற்கு ஈடாகத்தான் மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவு ஏழை நோயாளிகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2006-ல் வகுத்த திட்டப்படி, படுக்கைகளில் 10 சதவீதம் பரம ஏழைகளுக்கு, இன்னொரு 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு. கவுண்டரில் முதலாமவரை ‘நிர்தன்’ என்பார்கள், இரண்டாமவரை ‘துர்பல் கடக்’ என்பார்கள். இந்த இரண்டு மராத்திச் சொற்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “ஏதாவது கன்செஷன் உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் பில்லில் ஐந்து, பத்து சதவீதம் குறைத்து அனுப்பிவிடுவார்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய்க்குள் இருந்தால் நிர்தன், 3,60,000-க்குள் இருந்தால் துர்பல் கடக். இது நோயாளியின் வருமானம் மட்டுமல்ல, குடும்பம் முழுவதின் வருமானம். சித்தப்பா, சித்தி இருவரும் மாதம் ஆளுக்கு 12,000 சம்பாதித்தால் ஆண்டுக்கு 2,88,000 ஆகிவிடும். அப்போது இரண்டாவது பிரிவுதான். இந்த ஊர் வாடகைக்கு இந்த வரம்பு மிகவும் குறைவு என்பதே என் எண்ணம்.

நிர்தன் நோயாளிக்குப் படுக்கை, நர்சிங், வழக்கமான பரிசோதனைகள் இலவசம். டாக்டர் ஃபீஸும் கிடையாது. மருந்து, வால்வு போன்ற இம்ப்ளான்ட் ஆகியவற்றின் செலவு ‘ஏழை நோயாளி நிதி’யில் கழியும். மற்ற நோயாளிகளின் மொத்த பில்லில் 2 சதவீதத்தை ஆஸ்பத்திரி இந்த நிதியில் போட வேண்டும். துர்பல் கடக் என்றால், அந்த ஆஸ்பத்திரியின் மிகக் குறைந்த வகுப்பு வார்டு ரேட்டில் பில் போட வேண்டும். மருந்துக்கும் வால்வுக்கும் குறைந்தது பாதியை நோயாளி கட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மருந்தும் வால்வும் ஆஸ்பத்திரி வாங்கிய விலையில்தான் பில்லில் ஏற வேண்டும், அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி. விலையில் அல்ல. ஒரு பொருளின் எம்.ஆர்.பி. 80,000, ஆஸ்பத்திரி வாங்கியது 40,000 என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கட்ட வேண்டியது 20,000. எம்.ஆர்.பி.யில் போட்டுப் பாதி கேட்டால் அதுவே 40,000 ஆகிவிடும். வால்வுக்கு இதில்தான் பெரிய பணம் போகும். ஃபார்மஸி பில்லைத் தனியாகக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள்.

ஆவணத்துக்கு வருவோம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தரும் மஞ்சள் ரேஷன் கார்டு இருந்தால் சுலபம். நம்மாட்கள் பலருக்குக் கார்டு திருநெல்வேலிப் பக்கம் ஊரிலேயே இருக்கும், அல்லது இங்கே வெள்ளைக் கார்டு இருக்கும். அப்படியென்றால் தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ், ‘உத்பன்னாச்சா தாக்லா’, வாங்க வேண்டும். மகாராஷ்டிர அரசின் ‘ஆப்லே சர்க்கார்’ இணையதளத்திலோ, அரசுச் சான்றிதழ்களுக்கு மனு வாங்கும் சேது மையத்திலோ விண்ணப்பிக்கலாம். தாராவி மும்பை நகர மாவட்டத்தில் சேரும். பாந்த்ராவில் உள்ள புறநகர் கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டாம். கைக்கு வர நாளாகும், ஆபரேஷன் தேதி குறித்த பிறகு ஓடினால் முடியாது. வால்வு ஆபரேஷன் பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்வது என்பதால் அவகாசம் இருக்கிறது, இன்றைக்கே போடுங்கள்.

கையில் சான்றிதழ், ஆதார், டாக்டர் எழுதிய அட்மிஷன் சீட்டு, செலவு எஸ்டிமேட் ஆகியவற்றுடன் பில்லிங் கவுண்டருக்குப் போகாமல் நேரே மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பாருங்கள். அவர் கையெழுத்துப் போட்டு உங்களை அந்தப் பிரிவில் பதியும்வரை டெபாசிட் கட்டாதீர்கள். கட்டணப் படுக்கையில் சேர்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு பிரிவு மாற்றுவது பெரும்பாடு. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் கதையே வேறு: முன்பணம் கேட்காமல் உடனே சேர்த்து, நிலைமை சீராகும்வரை பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை.

இன்னொரு வழியும் உண்டு. மகாராஷ்டிர அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய யோஜனாவில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பணமில்லா சிகிச்சை. இதற்கு மகாராஷ்டிர ஆவணம் வேண்டும், ஆஸ்பத்திரியும் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இந்தத் திட்டத்துக்காக உதவும் ‘ஆரோக்யமித்ரா’ கவுண்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளையும் தள்ளிவிடாதீர்கள், கே.இ.எம்.மில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே சிரமம் காத்திருப்புதான்.

“பெட் இல்லை”, “நிதி தீர்ந்துவிட்டது”: மறுப்பு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். எத்தனை படுக்கை காலி என்று, அறக்கட்டளைகளை மேற்பார்வையிடும் அரசு அதிகாரியான தர்மாதாய ஆணையரின் (சாரிட்டி கமிஷனர்) இணையதளத்தில் பார்க்கலாம். நிதி போதவில்லை என்றால் அதை இந்தத் திட்டத்தின் கண்காணிப்புக் குழுவிடம் கொண்டுபோக வேண்டியது ஆஸ்பத்திரி. நோயாளியைத் திருப்பி அனுப்ப அது காரணமாகாது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தேதி, நேரம், பேசியவரின் பதவி மூன்றையும் குறித்துக்கொண்டு, வர்ளியில் உள்ள தர்மாதாய ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இரண்டு நகலோடு போங்கள். ஒன்றில் மனு பெற்றுக்கொண்டதற்கான இன்வர்டு நம்பரும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொண்டு, அதோடு மறுபடி அதே சோஷியல் வொர்க்கரைப் போய்ப் பாருங்கள்.