அடுத்தவர் பெயரில் ஏலம் கேட்கலாமா? கூகுள் விளம்பரமும் அஃபிலியேட் விதிகளும்: கேள்வி-பதில்

ஹோட்டல் புக்கிங் நிறுவனம் ஒன்றுக்கு அஃபிலியேட்டாக (என் இணைப்பு வழியாக வருபவர் வாங்கினால் கமிஷன் பெறுபவராக) இருக்கிறேன். புதுச்சேரி ஒயிட் டவுன் ரூம்களுக்கு கூகுள் விளம்பரம் போட்டேன். நிறுவனத்தின் பெயரை கீவேர்டாக, அதாவது விளம்பரம் வர வேண்டிய தேடல் சொல்லாக, சேர்க்கவே இல்லை. ஆனாலும் ‘பிராண்ட் பிட்டிங்’ (நிறுவனப் பெயரைத் தேடுகிறவருக்கு விளம்பரம் காட்ட ஏலம் கேட்பது) என்று ஒரு மாதக் கமிஷனை நிறுத்திவிட்டார்கள். – லாஸ்பேட்டை வாசகி

நீங்கள் சேர்க்காவிட்டாலும் கூகுள் சேர்த்திருக்கும். ‘ஒயிட் டவுன் ஹோட்டல்’ என்பதை பிராட் மேட்ச்சில் (தொடர்புள்ள தேடல்களுக்கும் விளம்பரம் காட்டும் அமைப்பில்) விட்டால், அந்த நிறுவனத்தின் பெயரோடு தேடுகிறவருக்கும் உங்கள் விளம்பரம் போகும். அஃபிலியேட்டுகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பல ஒப்பந்தங்கள் ‘எங்கள் பெயரில் ஏலம் கேட்காதே’ என்பதோடு நிற்பதில்லை. பெயரை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் வரக் கூடாத சொல்லாக, சேர்த்தே ஆக வேண்டும் என்றும் கேட்கின்றன.

முதலில் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். எந்தச் சொல்லுக்குக் கிளிக் வந்தது என்பது பெரும்பாலும் அதில் தெரியும். பிறகு நிறுவனப் பெயரை நெகட்டிவாகப் போடுங்கள்: சேர்த்து எழுதியது, பிரித்து எழுதியது, டாட் காமோடு, தமிழில் எழுதியது என எல்லா வடிவமும் வேண்டும். எழுத்துப்பிழைகளை 2024 முதல் நெகட்டிவ் தானாகவே தடுக்கிறது. ஒருமை-பன்மையையோ அதே பொருள் தரும் வேறு சொல்லையோ தடுக்காது. எல்லாம் முடிந்ததும் சேஞ்ச் ஹிஸ்டரியை (கணக்கில் செய்த மாற்றங்களின் பதிவை) ஸ்கிரீன்ஷாட் எடுத்து அஃபிலியேட் மேனேஜருக்கு அனுப்புங்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று காட்ட உங்களிடம் இருக்கும் நல்ல ஆதாரம் அதுதான்.

பிராண்ட் பெயரோடு ‘கூப்பன்’ சேர்த்து ஏலம் கேட்கிறேன். கூகுளே தடுக்கவில்லை, கோர்ட்டும் தப்பில்லை என்றதாமே? – மஞ்சக்குப்பம் வாசகர்

கூகுள் டிரேட்மார்க்கை கீவேர்டாக வைப்பதைத் தடுப்பதில்லை, உண்மை. விளம்பர வாசகத்தில் வந்தால் மட்டும், உரிமையாளர் புகார் கொடுத்தால் கட்டுப்படுத்தும். டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், கீவேர்டாக வைப்பதும் டிரேட்மார்க்கைப் ‘பயன்படுத்துவது’தான் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்மைடிரிப்–புக்கிங் டாட் காம் வழக்கில், குழப்பம் உண்டாகாதவரை அது மட்டுமே மீறல் ஆகாது என்றது. ஆனால் புக்கிங் டாட் காம் போட்டியாளர். நீங்கள் அப்படியல்ல, ‘செய்ய மாட்டேன்’ என்று விதிகளை ஏற்றுக்கொண்டு சேர்ந்தவர். கோர்ட் தீர்ப்பு அந்த ஒப்பந்தத்தை அழிக்காது.

விளம்பரதாரர், அதாவது உங்களுக்குக் கமிஷன் தரும் நிறுவனத்தார், ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறார்? கடலூர் முதுநகர் மீன் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கடைக்காக இரண்டு பேர் நின்று மாறி மாறிக் கேட்டால் கூடை விலை ஏறும்; சுமை விழுவது அந்தக் கடைக்காரர் தலையில். இங்கேயும் அவருடைய சொந்த விளம்பரத்தின் கிளிக் விலையை நீங்கள் ஏற்றுகிறீர்கள். பெயரைத் தட்டச்சு செய்து கூப்பன் தேடுகிறவர் எப்படியும் அவரிடம் வாங்க வந்தவர். அதற்கு உங்களுக்குக் கமிஷன் வேறு. நிறுத்திவிடுங்கள்.

அமேசான் பொருளுக்கு விளம்பரம் போட்டு நேராக அமேசான் பக்கத்துக்கே அனுப்பலாமா? – வில்லியனூர்

கூடாது. அமேசானின் அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸின் விதி தேடல் விளம்பரத்திலிருந்து நேரடி இணைப்பைத் தடுக்கிறது; நடுவில் ரீடைரக்ட் (தானாக வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் இணைப்பு) வைத்தாலும் அதே கதிதான். உங்கள் சொந்தத் தளத்துக்கு ஆள் வரவழைக்கலாம். அப்போதும் அமேசான், கிண்டில் போன்ற பெயர்களிலும் அவற்றின் பிழை வடிவங்களிலும் ஏலம் கேட்கக் கூடாது. தளத்தில் நீங்களே எழுதிய விஷயம் இருக்கட்டும். வெறும் பட்டன் மட்டும் உள்ள பக்கத்தை கூகுளும் நிராகரிக்கும்.

கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. அவர்கள் பெயரில் ஏலம் கேட்கும் விளம்பரத்தை, பெங்களூரை மட்டும் விலக்கி, ராத்திரியில் ஓட்டினால் தெரியாது என்கிறான் நண்பன். – திருப்பாதிரிப்புலியூர்

தெரியும். கண்காணிக்கும் மென்பொருள்கள் பல ஊர்களிலிருந்து பல நேரங்களில் தேடிப் பார்க்கின்றன. இணைப்பைப் பின்தொடர்ந்து உங்கள் ஐடி வரை வந்துவிடும். தெரியாமல் நடந்ததை மேனேஜர் ஒருவேளை மன்னிப்பார். ஊரை விலக்கியது வேண்டுமென்றே செய்தது என்பதற்குச் சாட்சி. நேர்மையாகச் சம்பாதித்த பழைய கமிஷனும் அதோடு போகும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

நிறுவனப் பெயரில் ஏலம் கேட்க அனுமதி கேட்டால் தருவார்களா? – முத்தியால்பேட்டை

சிலர் தருவார்கள், குறிப்பாக அவர்களே விளம்பரம் போடாத சொற்களுக்கு. ஆனால் ஃபோனில் ‘சரி’ என்றால் போதாது. எனக்கு ஒருவர் அப்படித்தான் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். அவர் வேலை மாறிப் போனதும் புதிதாக வந்தவர் இரண்டு மாதக் கமிஷனை ரத்து செய்தார். காட்ட என்னிடம் ஒரு வரி கூட இல்லை. எந்தெந்தச் சொல், எந்த நாடு, எந்தத் தேதி வரை, விளம்பரத்தில் பெயர் வரலாமா, எந்த யூஆர்எல் காட்ட வேண்டும் என்று ஐந்தையும் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்த பிறகு கேம்பெயினை ஆன் செய்யுங்கள்.