மறியல்ல (ஜெயில்ல) இருக்கிறவருக்கு இன்சுலின், கிளினிக் எல்லாம் எப்பிடி?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறா. மனுசன் மணல் ஏத்தின கேசில பிடிபட்டு வவுனியா மறியல்ல 9 நாளா விளக்கமறியல்ல இருக்கிறார், வயசு 46, சீனி வருத்தம், காலமையும் பின்னேரமும் இன்சுலின் போடுறவர், கிளினிக் முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியில. இடக்காலில செல் (எறிகணை) துண்டு, ரெண்டு பாதமும் விறைப்பு. வாற மாதம் கண் கிளினிக்குக்குத் திகதி இருக்காம். "இன்சுலின் போத்தலோட பஸ் ஏறிப் போனன், வாசல்லயே திருப்பி விட்டிட்டினம், இனி ஆரிட்டப் போறது, காசு கட்ட வேணுமோ" எண்டு கேக்கிறா.

காசு கட்டத் தேவையில்ல தங்கச்சி. வெளியில இருக்கிறவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில என்ன இலவசமோ அது மறியல்ல இருக்கிறவருக்கும் இலவசம்தான். மறியல்ல இருக்கிறவையை எப்பிடி நடத்தவேணும் எண்டு 2015ல ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள்ல 24ஆவது இதைத்தான் சொல்லுது, வெளியில உள்ள ஆக்களுக்குக் கிடைக்கிற அதே தரத்தில, காசில்லாம.

வாசல்ல ஏன் எடுக்கேல்ல எண்டா, ஊசியும் பேர் ஒட்டாத போத்தலும் ஆர் கொண்டு போனாலும் எடுக்க மாட்டினம், போதைத்தூள் கடத்திற காலத்தில அவையைக் குறை சொல்லவும் ஏலாது. மருந்து மறியல் டொக்டரின்ர கையாலதான் உள்ளுக்குப் போகவேணும். அதால அடுத்த முறை போகேக்க மருந்தை விட்டிட்டு பேப்பரைக் கொண்டு போங்கோ. உங்கட மனுசன் "நான் இன்சுலின் போடுறனான்" எண்டு சொன்னாலும் எந்த இன்சுலின், எத்தினை யூனிட் எண்டு தெரியாம ஒரு டொக்டரும் போட மாட்டார், போடவும் கூடாது. எங்கட ஆக்கள் கன பேருக்கு "கலங்கல் மருந்து, காலமை கூட, பின்னேரம் குறைய" எண்டதுக்கு மேல தெரியாது.

கிளினிக் கொப்பியில கடைசி ஆறு மாதப் பக்கமும் போட்டோக்கொப்பி அடியுங்கோ, மூண்டு செட். ஒண்டு மறியல் டொக்டருக்கு, ஒண்டு சட்டத்தரணிக்கு, ஒண்டு வீட்டில. கொப்பியின்ர ஒறிஜினலை வாசல்ல குடுத்திட்டு வராதேங்கோ, துலைஞ்சா திரும்ப எடுக்கிறது பெரும்பாடு. யூனிட் எழுதின இடம் போட்டோக்கொப்பியில மங்கலா வந்திருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ. ஒருக்கா ஒருத்தற்ற போட்டோக்கொப்பியில 12 எண்டது 72 மாதிரி விழுந்திருந்தது, நல்ல காலம் அங்க இருந்த மிஸ்ஸி (நேர்ஸ்) சந்தேகப்பட்டு போன் அடிச்சுக் கேட்டவ, இல்லையெண்டா அண்டைக்கு இரவே ஆள் முடிஞ்சிருப்பார். ஏலுமெண்டா மாஞ்சோலை கிளினிக் டொக்டரிட்ட அரைப்பக்கத்தில ஒரு லெட்டர் எடுங்கோ: என்ன வருத்தம், என்ன மருந்து, எவ்வளவு, கடைசிச் சீனி ரிசல்ட், அடுத்த கிளினிக் திகதி. இங்கிலிசில எழுதுவினம், அது நல்லது, ஏனெண்டா உள்ளுக்கு அதைப் பாக்கிறவர் சிங்கள டொக்டராகவும் இருக்கலாம்.

இனி ஒருத்தரும் யோசிக்காத விசயம் ஒண்டு. மறியல்ல இராச்சாப்பாடு வேளைக்கே குடுத்து, பொழுதுபட முதலே பூட்டிப்போடுவினம். கலங்கல் இன்சுலின் சாப்பாட்டுக்கு ஒரு அரை மணித்தியாலம் முதல் போடுறது. வீட்டில ஏழு மணிக்குப் போட்டு ஏழரைக்குச் சாப்பிட்ட மனுசன், உள்ளுக்கு நாலு மணிக்கோ அஞ்சு மணிக்கோ சாப்பிட்டிட்டு வீட்டு நேரத்துக்கே ஊசியைப் போட்டா நடுச்சாமத்தில சீனி இறங்கும், வேர்க்கும், நடுங்கும், புசத்துவார், பக்கத்தில படுத்திருக்கிறவன் "கனவு காணுறான்" எண்டு திரும்பிப் படுப்பான். சீனி கூடிறதைவிட எனக்கு இதுதான் பயம். பாக்கப் போகேக்க அவருக்குச் சொல்லுங்கோ, சாப்பாடு வாற நேரத்தை டொக்டருக்குச் சொல்லி ஊசி நேரத்தையும் அளவையும் அதுக்கேத்த மாதிரி மாத்திக் கேக்கச் சொல்லி. கையில சீனியோ இனிப்பு பிஸ்கற்றோ கொஞ்சம் வைச்சிருக்கவேணும், பக்கத்தில இருக்கிற ரெண்டு பேருக்கும் "எனக்கு இப்பிடி வந்தா இதை வாயில போடு, நினைவில்லையெண்டா வாயில ஒண்டும் ஊத்தாத, காட்டை (ஜெயில் காவலரை) கூப்பிடு" எண்டு சொல்லி வைக்கவேணும். விளக்கமறியல்ல இருக்கிறவைக்கு வீட்டுச் சாப்பாடு குடுக்கலாம், எந்த நாள், என்ன எடுப்பினம் எண்டதை வாசல்ல கேளுங்கோ.

கோட்டுத் தவணை வழமையா 14 நாளுக்கொருக்கா வரும், உங்களுக்கு இன்னும் அஞ்சு நாள் கிடக்கு. அண்டைக்குச் சட்டத்தரணி எழும்பி, இவர் இன்சுலின் போடுற ஆள், பேப்பர் இந்தா இருக்கு எண்டு நீதவானுக்குச் சொல்லி அதைக் கேஸ் கொப்பியில பதிய வைக்கவேணும், மறியல் அத்தியட்சகர் வைத்தியத்துக்கு ஒழுங்கு செய்யவேணும் எண்டு ஒரு கட்டளையும் கேக்கலாம். வாயால ஜெயிலருக்கு நூறு தரம் சொல்லுறதும் கோட்டுக் கட்டளை ஒண்டும் ஒண்டில்ல. சீனி வருத்தம் எண்டதைக் காட்டி உடன பிணை கிடைக்கும் எண்டு மட்டும் நம்பியிருக்காதேங்கோ. சட்டத்தரணி பிடிக்கக் காசில்லையெண்டா சட்ட உதவி ஆணைக்குழுவைப் போய்ப் பாருங்கோ.

கண் கிளினிக்குக்கு வவுனியாவில இருந்து மாஞ்சோலைக்கு ஏத்திக்கொண்டு போவினம் எண்டு எதிர்பாக்கேலாது. மறியல் டொக்டர் துண்டு எழுதி வவுனியா ஆஸ்பத்திரி கண் கிளினிக்குக்கு அனுப்பலாம், கூட்டிக்கொண்டு போக காட்மாரும் வாகனமும் வேணும், அண்டைக்குக் கோட்டுக்கு ஆக்கள் கூடவெண்டா கிளினிக்தான் வெட்டுப்படும். வைத்திய முடிவை டொக்டர்தான் எடுக்கவேணும், மற்ற உத்தியோகத்தர் அதை மாத்தக் கூடாது எண்டு மண்டேலா விதிகள்ல 27ஆவது சொன்னாலும் நடைமுறையில பஸ்தான் முடிவெடுக்குது. ஆனா உண்மையச் சொன்னா, வருசா வருசம் பாக்கிற கண் செக்கப் ஒரு மாதம் பிந்தினா உலகம் அழியாது. திடீரெண்டு பார்வை மங்கினா, கறுப்புப் புள்ளி மிதந்தா அது வேற, உடன காட்டவேணும்.

பொறுக்கவே பொறுக்காதது கால். நான் ஆஸ்பத்திரி ஓபிடியில (வெளிநோயாளர் பகுதியில) வேலையில இருக்கேக்க மறியல்ல இருந்து ஒருத்தரைக் கைவிலங்கோட கொண்டு வந்தவை, காய்ச்சல் எண்டு. காட் தன்ர கையையும் சேத்துப் பூட்டியிருந்ததால ரெண்டு பேரும் ஒரே வாங்கில இருந்தினம். செருப்பைக் கழட்டச் சொன்னன், கழண்டு வரேல்ல, பெருவிரலுக்குக் கீழ புண்ணோட வார் ஒட்டிப்போச்சு. சேலைன் ஊத்தி ஊறவைச்சுத்தான் எடுத்தது. அந்த மனுசனுக்கு நோவே இல்ல, மணம் வந்து பக்கத்தில படுத்தவன் பேசினதாலதான் ஆளுக்கே தெரியும். உங்கட மனுசனுக்கும் விறைப்பு இருக்கெண்டபடியா ஒவ்வொரு நாளும் பாதத்தின்ர அடியை இன்னொருத்தரைக் கொண்டு பாக்கச் சொல்லுங்கோ, கக்கூசுக்கும் வெறுங்காலோட போகவேண்டாம்.

செல் துண்டுக்குப் பேப்பர் இருக்கோ? 2009ல எல்லாம் விட்டிட்டு ஓடின சனத்திட்ட ஒப்பரேசன் துண்டு எங்கால. பழைய எக்ஸ்ரே இருந்தா அதைச் சேத்துக் குடுங்கோ, இல்லாட்டி லெட்டரில ஒரு வரி போடுவியுங்கோ. எம்.ஆர்.ஐ. எடுக்கிற தேவை வந்தா உடம்பில இரும்பு இருக்கெண்டு அவை முதலே தெரிஞ்சிருக்கவேணும்.

நெருக்கமா ஆக்கள் படுக்கிற இடத்தில சயம் (ரிபி) வேற இருக்கு, சீனிக்காரருக்கு அது வாற சந்தர்ப்பம் மற்றவையைவிட ரெண்டு மூண்டு மடங்கு கூட. ரெண்டு கிழமைக்கு மேல இருமினா சளி சோதிக்கக் கேக்கவேணும். சயமெண்டு கண்டா ஆறு மாதம் மருந்து, இடையில பிணை கிடைச்சு வந்தா அண்டைக்கே அந்த மருந்து அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, முல்லைத்தீவு மார்புநோய் கிளினிக்கில அதைக் காட்டினாத்தான் விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம்.

பேப்பர் குடுத்து, கோட்டிலயும் சொல்லி, அதுக்குப் பிறகும் ஊசி போடேல்லையெண்டு தெரிஞ்சா மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 இலக்கத்துக்கு அடியுங்கோ, வவுனியாவிலயும் அவையின்ர ஒபிஸ் இருக்கு. இன்சுலின் இல்லாம சத்தியெடுத்து, மூச்சு ஆழமா வாங்கி, சோந்துபோய் இருக்கிறார் எண்டு கேள்விப்பட்டா மட்டும் ஒபிஸ் திறக்கும்வரை பாத்துக்கொண்டிராதேங்கோ, நடுச்சாமமெண்டாலும் மறியலுக்குப் போன் எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஏத்தச் சொல்லுங்கோ. கதைச்சவரின்ர பேரையும் நேரத்தையும் ஒரு துண்டில எழுதி வையுங்கோ.