யாருக்கு நிரூபிக்க?

வணக்கம் அக்கா,

மென்பொருள் துறையில் வேலை. எங்கள் டீமில் நான் ஒருத்திதான் பெண். மீட்டிங்கில் நான் சொல்லும் யோசனையை யாரும் கண்டுகொள்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் அதையே சொன்னால் 'சூப்பர்' என்கிறார்கள். அலுவலகத்தில் பெண்களுக்கென்று ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். சேரத் தயக்கமாக இருக்கிறது. தனியாகக் கூடுவதே பலவீனம் இல்லையா? திறமையால் நிரூபித்துக் காட்டுவதுதானே சரி? பெண்களுக்கு இயல்பிலேயே கணினியில் ஆர்வம் குறைவு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

நண்பரை முதலில் அனுப்பிவிடுவோம். அமெரிக்காவில் 1984 வாக்கில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்களில் ஏறக்குறைய 37 சதவீதம் பெண்கள். 2010 வாக்கில் அது சுமார் 18 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் பெண்களின் இயல்பா மாறிப்போனது? கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் அவருக்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது அந்த 'நிரூபித்துக் காட்டுவது' மேல்தான். யாருக்கம்மா நிரூபிக்க வேண்டும்? இன்னும் எத்தனை தடவை? சில நாட்களாக எனியாக் பெண்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், சரியாக உங்கள் கடிதம் வந்தது. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினியை உலகத்துக்குக் காட்டினார்கள். பீரங்கிக் குண்டு போகும் பாதையை அது கணக்கிட்டுக் காட்டியது. அதற்கு நிரல் (புரோகிராம்) அமைத்தவர்கள் பெண்கள். அந்த இயந்திரத்துக்கென்று எடுத்த நிரலாளர்கள் ஆறு பேருமே பெண்கள்தான். கையேடு கிடையாது. நிரல்மொழி என்ற ஒன்றே அப்போது கிடையாது. வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு, பொறியாளர்களைத் துளைத்தெடுத்து, தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். விழா பிரமாதமாக நடந்தது. ராத்திரி விருந்தும் நடந்தது, அதற்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய படங்களைப் பார்த்து இவர்கள் யார் என்று விசாரித்தபோது, அழகுக்காக நிற்கவைத்த மாடல்கள் என்று பதில் வந்தது. உலகின் முதல் மின்னணுக் கணினிகளில் ஒன்றை ஓட்டிக் காட்டியதை விடவா நீங்கள் பெரிதாக நிரூபித்துவிடப் போகிறீர்கள்?

இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி 1962இல், வீட்டிலிருந்தே நிரல் எழுதும் பெண்களை வைத்து நிறுவனம் தொடங்கினார். அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்துப் போட்டார், பதில் வர ஆரம்பித்தது. திறமை என்னவோ பழைய திறமைதான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எந்த மீட்டிங் ஆனாலும் மினிட்ஸ், அதாவது யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்பு, எழுதுவது ஒரு சீனியர் பெண். அந்த சிஸ்டத்தை முழுதாகத் தெரிந்தவர் அவர்தான். எழுதிக்கொண்டே இருப்பவர் எப்போது பேசுவது? அவர் ஒன்றையும் நிரூபிக்கப் போகவில்லை. மற்ற டீம் பெண்களிடம் பேசிப் பார்த்தார், அங்கேயும் அதே கதை. எல்லோரும் சேர்ந்து போய், மினிட்ஸ் முறைவைத்துத்தான் எழுதப்படும், மேனேஜர் உட்பட, என்று கேட்டு வாங்கினார்கள். மேனேஜர் எழுதிய முதல் மினிட்ஸில் முக்கால்வாசி அவர் பேசியதுதான். அப்புறம் மீட்டிங்குகள் சீக்கிரம் முடிய ஆரம்பித்தன!

சரி, குழு. சேருங்கள். மகளிர் தினத்துக்குக் கேக் வெட்டுவதோடு நிற்கிற குழு என்றால் உள்ளே போய்ச் சண்டை போடுங்கள். சம்பளம், பதவி உயர்வு, புகார் கொடுத்தால் விசாரிப்பது யார், இதையெல்லாம் பேசுங்கள். 2018 நவம்பரில் கூகுள் ஊழியர்கள் சுமார் 20,000 பேர் வேலையை நிறுத்தி வைத்துவிட்டு அலுவலகத்துக்கு வெளியே வந்து நின்றார்கள். பாலியல் புகார்களை நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் நடுவரிடமே முடித்துக்கொள்ள வேண்டும் என்றிருந்த கட்டாயத்தை நிறுவனம் ஒரு வாரத்தில் கைவிட்டது. இதுவா பலவீனம்?

மீட்டிங் விஷயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் செய்தது இது: ஒருத்தி யோசனை சொன்னால் இன்னொருத்தி அவள் பெயரோடு அதைத் திருப்பிச் சொல்வாள். உங்கள் டீமில் ஒருவரைப் பிடித்து, 'இது எஸ் சொன்னது' என்று சொல்லச் சொல்லுங்கள். ஆண்தான் கிடைப்பார். பரவாயில்லை, அவரும் ஒரு நல்ல காரியம் செய்யட்டும்.